செஞ்சிக் கோட்டையும் சோழிக் கணக்கும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்பவர், வயல்களுக்கு அப்பால் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குண்டு கிடக்கும் குன்றுகளையும், அவற்றுள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்றினையும் ஒரே அரணாகப் பிணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம் ஏறியும் இறங்கியும் செல்லும் மதிலையும் கண்டவுடன், இந்தக் கோட்டையை மனிதப் பிரயத்தனத்தால் பிடித்தல் இயலாது என்ற தீர்மானத்துக்குத் தம்மை அறியாமலே வந்துவிடுவார். ராஜகிரியின் உச்சி, சுமார் 800 அடி உயரத்தில், 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவினால் துண்டிக்கப்பட்டு, சிறியதொரு பாலத்தின் வழியாக மட்டுமே அணுகத்தக்கதாய் நிற்கிறது. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே பெருஞ்சேனையைத் தடுத்து நிறுத்தலாம் என்பது பார்த்தவர் யாவர்க்கும் தோன்றும். ஐரோப்பியர் இதனைக் கிழக்கு நாட்டின் ட்ராய் என்று புகழ்ந்ததும் இந்தத் தோற்றத்தின் விளைவே.

ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், கோட்டை கைமாறிய வருஷங்கள் வரிசையாக வருகின்றன. 1649-ல் நாயக்கரிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்கு; 1677-ல் பீஜப்பூரிடமிருந்து சிவாஜிக்கு; 1698-ல் மராட்டியரிடமிருந்து மொகலாயருக்கு; 1750-ல் பிரெஞ்சுக்காரருக்கு; 1761-ல் ஆங்கிலேயருக்கு; 1780-ல் ஹைதர் அலியின் படைக்கு. பிடிக்க முடியாதது என்று பெயர் வாங்கிய கோட்டை ஒன்றரை நூற்றாண்டுக்குள் இத்தனை முறை பிடிபட்டிருக்கிறது. இதைக் கொண்டு கோட்டையின் கீர்த்தி பொய் என்று உடனே தீர்ப்புச் சொல்லுவதும், கண்ணால் கண்டதைக் கொண்டு அதை மெய் என்று சாதிப்பதும் ஒரே வகையான அவசரம்தான். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது, எந்தக் காரணத்தால் நடந்தது, அந்தக் காரணம் மதிலின் பலத்தைச் சார்ந்ததா வேறொன்றைச் சார்ந்ததா என்று விசாரித்தாலன்றி மதிலைப்பற்றி நாம் எதுவும் அறிந்தவராக மாட்டோம்.

இந்த விசாரணை முறையையே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன். ஒரு தொழிலில் வழங்கும் விதிகளையும் நம்பிக்கைகளையும், சொன்னவரின் பெருமையைக் கொண்டோ அவை வழங்கிவரும் காலத்தின் நீட்சியைக் கொண்டோ ஏற்காமல், நடந்தவற்றை அளந்து, குறித்து, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்து முடிவு காணும் ஆராய்ச்சி, நம் காலத்தின் பெருந்தொழிலாகிய மென்பொருள் ஆக்கத்தில் தாமதமாகத்தான் புகுந்தது. இன்னமும் பாதி வாசலில் நிற்கிறது. செஞ்சியின் பிள்ளைகளிற் பலர் இன்று அந்தத் தொழிலைத் தேடியே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுடைய ஊரின் சரித்திரமும், அந்த ஊரின் பெயரைத் தாங்கிக் கடலை நோக்கி ஓடும் ஆற்றின் கரையில் நிகழ்ந்த ஒரு பரீட்சையும், இந்த ஆராய்ச்சியின் தேவையை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன என்பது என் துணிபு.

முதலில் மொகலாயரின் முற்றுகையை எடுத்துக்கொள்வோம். ஔரங்கசீப்பின் சேனாபதி சுல்பிகார் கான் 1690-ல் செஞ்சியின் முன் வந்து பாளயம் இறங்கினான். உள்ளே சிவாஜியின் இளைய குமாரர் ராஜாராம் இருந்தார். கோட்டை விழுந்தது 1698-ன் தொடக்கத்தில். ஏழு வருஷங்களுக்கு மேல் ஒரு சாம்ராஜ்யத்தின் சேனையைத் தடுத்து நிறுத்திய மதில் என்று இதனைப் பாடப்புத்தகங்கள் வருணிக்கின்றன. அந்த வருணனையைப் படித்த சிறுவன் மதிலின் பலத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை என்றே எண்ணுவான். ஆனால் அந்தச் சேனையோடு தக்காணத்தில் இருந்த பீம்சேன் என்னும் எழுத்தர் பாரசீகத்தில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் வேறொரு செய்தி காணப்படுகிறது. சுல்பிகார் கான் மனம் வைத்திருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருப்பான் என்றும், காரியத்தை நீட்டிக்கொண்டு போவது தளகர்த்தர்களின் வழக்கம் என்றும் அவர் கூறுகிறார். மேலும் 1692-ன் இறுதியில் சாந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்கள் வெளியிலிருந்து வந்து மொகலாயப் பாளயத்தையே வளைத்துக்கொண்டனர், தானியம் அற்றுப்போயிற்று, சக்கரவர்த்தியின் குமாரர் காம் பக்ஷ் எதிரியோடு உறவாடுகிறார் என்று ஐயுற்று அவரைத் தம் சேனாபதியே காவலில் வைக்க நேர்ந்தது, படை வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. இடையில் சேனை தஞ்சைப் பக்கம் சென்று கப்பம் வசூலித்த காலமும் உண்டு. முடிவில் கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பி வெளியேறிவிட்டார்.

இப்பொழுது நம் கேள்வியைத் திரும்பக் கேட்போம். அந்த நீண்ட தாமதத்தில் மதிலின் பங்கு எவ்வளவு, சேனாபதியின் உள்ளெண்ணத்தின் பங்கு எவ்வளவு, தானியப் பஞ்சத்தின் பங்கு எவ்வளவு, வெளியே சுற்றித் திரிந்த குதிரைப் படையின் பங்கு எவ்வளவு? இவை அனைத்தும் ஒரே காலத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கையில், வருஷக் கணக்கு ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மதிலின் தலையில் ஏற்றிவைப்பது நியாயமன்று. பீம்சேனுடைய வாக்கையும் அப்படியே வேதவாக்காகக் கொள்ள இயலாது. சுல்பிகார் கான்மீது அவருக்கு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஒரு தனி நிகழ்ச்சி, அது எத்தனை நீண்டதாயினும், பல காரணங்கள் கலந்ததாயின் ஒரு காரணத்துக்குச் சாட்சியாகாது என்பதே இங்கே காணத்தக்க உண்மை.

அடுத்தது 1750-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். திருவதிகைக்கு அருகில் ஆர்க்காட்டு நவாப் பதவியைக் கோரிய முகம்மது அலியின் படை பிரெஞ்சுக்காரரிடம் தோற்றுச் சிதறி, தோற்றவர்களில் பலர் செஞ்சியில் வந்து அடைக்கலம் புகுந்திருந்தனர். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் ஆணைப்படி தளகர்த்தன் புஸ்ஸி ஒரு சிறு படையோடு முன்னால் வந்து அவர்களை மதிலுக்கு வெளியே முறியடித்து, ஓடியவர்களின் பின்னாலேயே சென்று, வெடிமருந்து வைத்து வாயிற் கதவைத் தகர்த்து, இரவோடிரவாக மூன்று குன்றுகளின் மீதும் ஏறிப் பொழுது விடிவதற்குள் கொடியேற்றிவிட்டான். விடிந்தபின் தாங்கள் ஏறி வந்த பாறைகளையும் அரண்களையும் வெளிச்சத்தில் கண்டபோது பிரெஞ்சுக்காரரே பிரமித்தனர் என்று ஓர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் எழுதுகிறார். ஏழு வருஷம் தாங்கிய கோட்டை ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. மதில் பலவீனமாகிவிட்டதா? இல்லை, காவலர் மனம் உடைந்திருந்தது, இருள் அவர்களுக்கு எதிரியின் தொகையை மறைத்தது, பீரங்கித் தொழிலில் இரு பக்கத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருந்தது. முதல் நிகழ்ச்சி மதிலைப் புகழ்வதற்குப் போதாதது போலவே இந்த இரண்டாவது நிகழ்ச்சியும் மதிலை இகழ்வதற்குப் போதாது.

மதிலைப்பற்றிய கேள்விக்கு விடை தராத பழைய ஏடுகள், யாரும் கேட்காத வேறொரு கேள்விக்கு விடை தருகின்றன. செஞ்சியின் சீதோஷ்ணம் கர்நாடகத்திலேயே மிகக் கெட்டது என்றும், பிரெஞ்சுக்காரர் அதனை வைத்திருந்த பத்து வருஷங்களில் 1200 ஐரோப்பியச் சிப்பாய்களை அவர்கள் அங்கே இழந்தனர் என்றும் கெஜட்டியர் நூல்கள் கூறும். அந்தத் தொகை சரியானால், கோட்டையைப் பிடித்த அன்று பகைவர் குண்டுக்கு இரையானவர் தொகை அதன் பக்கத்தில் மிக அற்பமாகிவிடும். மதிலின் உயரத்தையும் பிளவின் ஆழத்தையும் வியந்து நின்ற எந்தத் தளகர்த்தனும், உள்ளே தன் படையைத் தின்றுகொண்டிருந்தது காய்ச்சல் என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்திருக்க முடியாது. இறந்தவர்களை ஒருவன் எண்ணிக் குறித்துவைத்தால்தான் அது தெரியவரும். அளவையின் பயன் நாம் முன்னமே சந்தேகித்ததை உறுதி செய்வதோடு நிற்பதில்லை; நமக்குச் சந்தேகமே எழாத இடத்தில் விளக்கைப் பிடிப்பதே அதன் மேலான பயன்.

செஞ்சியைப்பற்றி 1803-ஐ ஒட்டி அவ்வூர் நாராயணன் என்பவர் தமிழில் எழுதிய கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் முதலாக, ஏசு சபைப் பாதிரிமார் கடிதங்கள், புதுச்சேரியை நிர்வகித்த பிரான்சுவா மார்த்தெனின் குறிப்புகள், பாரசீக வரலாறுகள் ஆகிய யாவற்றையும் ஒன்றாக வைத்து நோக்கி, 1943-ல் செஞ்சியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். ஸ்ரீனிவாசாசாரியார் செய்தது, சான்றுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் இந்தப் பணியே. தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்த நாட்டில், 1714-ல் உயிர் நீத்த அந்த இளைஞன் தேஜ் சிங்கின் போரை ஆவணங்களின்படி எடுத்துரைப்பதற்குப் புலமை மட்டும் போதாது, நெஞ்சுறுதியும் வேண்டும்.

இனி ஆற்றோடு கீழே செல்வோம். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளிற் பிறக்கும் சங்கராபரணி ஆற்றுக்குச் செஞ்சி ஆறு என்பதும் வராக நதி என்பதும் வேறு பெயர்கள்; வில்லியனூரைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே அது கடலில் கலக்கிறது. 1761-ல் ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. அதே சமயத்தில், ஜூன் 6-ஆம் தேதி சூரியனுடைய பிம்பத்தின் குறுக்கே சுக்கிரன் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து நோக்குவதற்கென்று பிரான்சின் விஞ்ஞான சபையைச் சேர்ந்த லெ ஜாந்தீ என்னும் வான நூலார் கடலில் வந்துகொண்டிருந்தார். ஊர் விழுந்துவிட்ட செய்தி அவரை மலையாளக் கரையில் எட்டிற்று. கப்பல் திரும்பிவிட, ஆடிக்கொண்டிருந்த மேல்தளத்திலிருந்தே அவர் சுக்கிரனைக் கண்டார். அந்த நோக்கு எதற்கும் பயன்படவில்லை. அடுத்த சந்தர்ப்பம் எட்டு வருஷங்களுக்குப் பின்புதான். அவர் ஊருக்குத் திரும்பாமல் கிழக்குக் கடல்களிலேயே காலத்தைக் கழித்து, 1768-ல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிபாடுகளின் நடுவே ஒரு வானிலையத்தை அமைத்துக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் இத்தனை பொறுமைக்கு இத்தனை கொடிய பதில் கிடைத்தது அபூர்வம்.

ஆனால் காத்திருந்த அந்த மாதங்களில் லெ ஜாந்தீ வேறொரு காரியம் செய்தார். அதற்காகத் தமிழர் அவரை மறத்தலாகாது. பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் கிரகணத்தைக் கணக்கிடும் முறையை அவர்களிடமே அமர்ந்து கற்றுக்கொண்டார். கற்றதோடு நிற்கவில்லை; அதனை அளந்து பார்த்தார். 1765-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழர் முறைப்படி கணித்ததில், உண்மையான அளவைவிட 41 விநாடி குறைந்து வந்தது. அக்காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணை என்று மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணித்ததில் 68 விநாடி கூடுதலாக வந்தது. ஐரோப்பிய விஞ்ஞானி ஒருவர் தம் நாட்டு முறையையும், அந்நிய நாட்டுப் பாமரர் முறை என்று பிறர் இகழக்கூடிய ஒன்றையும், வானத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சியின் முன் சமமாக நிறுத்தி இரண்டின் பிழையையும் எண்ணால் எழுதினார் என்பது மிகவும் பெரிய நேர்மை.

இந்த 41 விநாடியைச் சொல்லி நம்மவர் பெருமை கொள்ளுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பெருமைக்கு இடமுண்டு, ஆயினும் கதை அங்கே முடியவில்லை. ஐம்பத்தாறு வருஷங்களுக்குப் பின், சென்னை வானிலையத்தின் பொறுப்பைச் சில காலம் வகித்திருந்த ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். 1825-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அந்தக் கணிதர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை வாக்கியங்களாக மனத்திலிருந்து எடுத்து, கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் சோழிகளை நகர்த்திக்கொண்டே சென்று விடையைச் சொன்னார். வான நூற் சித்தாந்தங்களின் தத்துவம் அவருக்கு ஒரு சிறிதும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். தெரிந்தது கிரமம் ஒன்றே. அந்த ஆண்டிலேயே வெளிவந்த வாரனுடைய காலசங்கலிதம் என்னும் நூலின் வாயிலாக இச்செய்தி உலகுக்குக் கிடைத்தது. 1952-ல் நொய்கெபாவர் என்னும் பேரறிஞர் தமிழர் வான நூலைப்பற்றி எழுதிய கட்டுரையில் அந்தக் கணிப்பை ஆராய்ந்தார். தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிழை என்பது தெரிகிறது.

லெ ஜாந்தீயின் 41 விநாடி எங்கே, வாரனுடைய கணிதரின் 52 நிமிஷம் எங்கே! தமிழரின் முறை நுட்பமானது என்று நிலைநாட்ட விரும்புபவர் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்; இழித்துரைக்க விரும்புபவர் இரண்டாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார். செஞ்சியின் நெடிய முற்றுகையையும் ஓர் இரவையும் இரு கட்சியார் தனித்தனியே எடுத்துக்கொள்வது போன்றதே இதுவும். ஒரு கிரகணம் ஒரு முறைக்குச் சாட்சியாகாது. பல கிரகணங்களை, பிழை பெரிதாயினும் சிறிதாயினும் விடாமல் குறித்தவர்தாம் முறையின் தராதரத்தைச் சொல்ல வல்லவர்.

அப்படிச் செய்தவரும் நம் தென்னாட்டிலேயே இருந்தார். கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து வருஷம் கிரகணங்களை நோக்கி, கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு, 1431-ல் திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார். ஆயினும் தமிழ்நாட்டிற் பெருவழக்காய் நின்றது வாக்கிய முறையே. சந்திரன் தன் கதியின் வேறுபாட்டில் ஒன்பது சுற்று முடிப்பதற்கு 248 நாள் ஆகும் என்பதை ஆதாரமாகக் கொண்டு, நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்து, எழுத்தையே எண்ணாகப் படித்துக் கணிக்கும் அந்த அமைப்பு மனித ஞாபகசக்தியின் ஓர் அற்புதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மனப்பாடமான வாக்கியம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து பெரும்பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானிலையத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றியவரும், 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவருமாகிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், நேரில் நோக்கிய அளவுகளுக்கு இசைந்த பஞ்சாங்கத்தை வெளியிட்டு, பண்டிதர்களோடு வாதிட்டு, அதற்காகவே வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டு 1880-ல் மறைந்தார். வாதம் இன்னும் முடியவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ஆம் தேதி கும்ப ராசிக்குப் பெயர்ந்த சனி பகவானுக்கு, வாக்கியப்படி திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது அவ்வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி. கோயிலின் வழிபாட்டு மரபு அதற்குரிய நியாயங்களையுடையது. அதில் தலையிடுவது என் நோக்கமன்று. வானத்தில் கோள் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு மட்டும் மரபு விடையாகாது.

சோழியை நகர்த்திய அந்தக் கணிதரை நான் மென்பொருளின் சரித்திரத்தில் சேர்ப்பேன். நினைவில் நிறுத்திய அட்டவணைகள், வரிசை தவறாத கட்டளைகள், தத்துவம் அறியாமலே கட்டளையைப் பின்பற்றி விடை காணும் ஒரு கருவி: இன்று கம்ப்யூட்டரில் நடப்பது இதுவே. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் தொழில், கட்டளைகளை எழுதும் முறையைப்பற்றிய தன் சொந்த நம்பிக்கைகளை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நெடுங்காலம் முயலவில்லை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், பெரிய மென்பொருள்கள் காலக்கெடுவைத் தாண்டுகின்றன, செலவைத் தாண்டுகின்றன, பிழை மலிந்து கிடக்கின்றன என்று முறையிட்டு, இத்தொழிலைப் பொறியியலாக ஆக்கவேண்டும் என்று பேசினார்கள். அதே வருஷம் ஜனவரியில் சாக்மன், எரிக்சன், கிரான்ட் என்னும் மூவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டிருந்தனர். அனுபவம் மிக்க நிரலாளர் 12 பேர். அவர்களில் மிக வல்லவருக்கும் மிக மந்தமானவருக்கும் பிழை திருத்தும் நேரத்தில் 28-க்கு 1 என்ற வேறுபாடு.

இந்த எண் தொழிலின் வாக்கியமாகிவிட்டது. சிறந்த நிரலாளர் சாதாரணரைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு வல்லவர் என்று பல தலைமுறைகள் ஓதின. சம்பளமும் வேலைக்கு ஆள் எடுக்கும் வழக்கமும் அந்த ஓதலின்மீது கட்டப்பட்டன. ஆனால் அந்தப் பரிசோதனையின் நோக்கம் தனிமனிதர்களை ஒப்பிடுவதன்று. இயந்திரத்தின் எதிரில் அமர்ந்து உடனுக்குடன் விடை பெற்று வேலை செய்வதும், அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பதும் ஆகிய இரண்டு முறைகளை ஒப்பிடுவதற்காக அது நடந்தது. இந்த இரண்டு முறைகளிலும் வேலை செய்தவர்களை ஒன்றாகக் கலந்து எடுத்ததனால்தான் 28 என்ற விகிதம் வந்தது என்று 1981-ல் டிக்கி என்பவர் எடுத்துக்காட்டினார். முறையாகப் பிரித்தால் அது மிகவும் குறைகிறது. ஆளின் திறமையும் வேலைச் சூழ்நிலையும் ஒன்றாகக் கலந்த ஓர் எண்ணை ஆளின் திறமை என்று மட்டும் படித்தது, சுல்பிகார் கானின் தாமதத்தை மதிலின் பலம் என்று படித்ததற்கு எள்ளளவும் வேறன்று.

பரமேசுவரரின் வழியில் நெடுங்காலம் அமர்ந்து நோக்கியவர்களும் இத்தொழிலில் தோன்றினர். 1976-ல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் காடார்ட் விண்வெளி மையத்தில், மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்டர் பாசிலி முதலானோர் மென்பொருள் பொறியியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார்கள். விண்கலங்களின் பாதையைக் கணிக்கும் நிரல்களை எழுதுவோர், அன்றாட வேலையினூடே, எந்த வேலைக்கு எத்தனை நேரம் செலவாயிற்று, எந்தப் பிழை எப்பொழுது தென்பட்டது, அது எதனால் நேர்ந்தது என்று படிவங்களில் குறித்துக் கொடுத்து வந்தனர். கால் நூற்றாண்டு இது நடந்தது. பாசிலியும் செல்பியும் 1987-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், பிழை காணும் மூன்று முறைகளை 74 பேரிடம் சோதித்தனர். அவர்களுள் தொழிலில் இருந்த 32 பேரைப் பொறுத்தவரை, நிரலை ஓட்டிப் பார்ப்பதைவிட அதை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோதே மிகுதியான பிழைகள் அகப்பட்டன. இயந்திரத்தின் முன் இருப்பவன் இயந்திரத்தை ஓட்டாமல் படிப்பதால் பயன் அதிகம் என்பது எண்ணிப் பாராமல் நம்பக்கூடியதன்று.

2004-ல் பார்பரா கிச்சன்ஹாமும் அவருடைய தோழர்களும், மருத்துவத்தில் மருந்தின் பயனைச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடுவது போல மென்பொருள் முறைகளையும் மதிப்பிட வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். அதன் பின்னர் வந்த ஆராய்ச்சிகளுள் தமிழ்ப் பெயர் ஒன்றும் அடிக்கடி தென்படுகிறது. மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த நாச்சியப்பன் நாகப்பன் பிறரோடு சேர்ந்து, நிரலை எழுதுமுன் அதற்குரிய சோதனையை எழுதிவிடும் முறையை மைக்ரோசாப்ட், ஐபிஎம் ஆகியவற்றின் நான்கு குழுக்களில் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார். அவ்வாறு செய்யாத ஒத்த வேலைகளோடு ஒப்பிடுகையில் பிழைகளின் செறிவு 40 முதல் 90 சதவீதம் குறைந்தது. தொடக்க வேலை நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடிற்று. அந்த முறையை மதமாகக் கொண்டவர் கூடுதல் நேரத்தைச் சொல்லார்; வெறுப்பவர் குறைந்த பிழையைச் சொல்லார்; ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினார்.

நம் நாட்டைப்பற்றிய சான்று மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமளிக்கும் செய்தி. 2003-ல் குசுமானோ முதலானோர் நான்கு பிரதேசங்களிலிருந்து 104 திட்டங்களைத் திரட்டி வெளியிட்ட ஆய்வில் இந்தியாவிலிருந்து வந்தவை 24. ஆயிரம் வரி நிரலுக்கு, வாடிக்கையாளரிடம் சேர்ந்தபின் ஓராண்டில் தென்பட்ட பிழைகளின் நடுநிலை அளவு இந்தியாவுக்கு 0.263, அமெரிக்காவுக்கு 0.400, ஜப்பானுக்கு 0.020. இந்த எண்களைக் கண்டவுடன் நாம் அமெரிக்கரை வென்றோம் என்று ஆர்ப்பரிப்பதற்குமுன், நாடுகள் எடுத்துக்கொண்ட வேலைகளே வேறு வேறானவை என்றும், ஆதலால் ஒப்பீடு எச்சரிக்கையோடு செய்யத்தக்கது என்றும் ஆசிரியர்களே கூறியதை வாசிக்க வேண்டும். அவர்களுக்குத் தம் முடிவின்மேல் இருந்த இந்தக் கூச்சம் எனக்கு அந்த எண்களைவிட மதிப்புடையதாகப் படுகிறது.

பழைய வாக்கியம் ஒன்று பரீட்சைக்கு உள்ளான விதத்தையும் சொல்லவேண்டும். ஒரு பிழையைத் தாமதித்துத் திருத்தினால், முதலிலேயே திருத்துவதைக் காட்டிலும் பத்து மடங்கோ நூறு மடங்கோ செலவாகும் என்பதை மென்பொருள் படித்த ஒவ்வொரு மாணவரும் கேட்டிருப்பார். 2016-ல் மென்சீஸ் முதலானோர், 2006-க்கும் 2014-க்கும் இடையில் நடந்த 171 திட்டங்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்ததில் அத்தகைய விளைவு தென்படவில்லை. அந்த விதி ஒரு காலத்தில், ஒருவகைத் திட்டங்களில் உண்மையாக இருந்திருக்கலாம். எல்லாக் காலத்துக்கும் எல்லாத் திட்டத்துக்கும் உரியதென்று கொள்ளுவதற்குச் சான்று போதவில்லை. இந்த ஆராய்ச்சி சாத்தியமானதற்குக் காரணம், அந்தத் திட்டங்களில் வேலை செய்தவர்கள் தம் நேரத்தையும் பிழையையும் ஒழுங்காகக் குறித்ததும், அந்தக் குறிப்புகள் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்ததும்தான்.

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் அலுவலகங்களில் இதைவிடப் பன்மடங்கு பதிவுகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. தரச் சான்று பெறுவதற்காகவே ஒவ்வொரு திட்டத்திலும் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை பிழை என்று நம் இளைஞர் நாள்தோறும் நிரப்பிவரும் அட்டவணைகள் அவை. சான்று வந்து சேர்ந்தபின் அவற்றைத் திறந்து பார்ப்பவர் அரியர். வாடிக்கையாளரின் பெயரையும் ஊழியரின் பெயரையும் நீக்கிவிட்டு, வேலையின் வகையையும் சூழ்நிலையையும் மாத்திரம் நிறுத்தி, அவற்றின் ஒரு பிரதியை அண்ணா பல்கலைக்கழகத்திலோ சென்னை ஐ.ஐ.டி.யிலோ ஒப்படைப்பது அந்த நிறுவனங்களுக்கு எளிது. விழுப்புரத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வந்து அங்கே பயிலும் ஆராய்ச்சி மாணவர், அமெரிக்கத் திட்டங்களில் கண்ட முடிவு நம் குழுக்களுக்கும் பொருந்துகிறதா, இரவுப் பணியில் எழுதிய நிரலில் பிழை கூடுதலா, தாய்மொழியில் விவாதிக்கும் குழுவுக்கும் ஆங்கிலத்தில் மட்டும் விவாதிக்கும் குழுவுக்கும் வேறுபாடு உண்டா என்னும் கேள்விகளை எடுத்துக்கொண்டு அந்த அட்டவணைகளோடு நாலைந்து வருஷம் உட்காரலாம்.